பல்லு போச்சு, சல்லடை வந்துச்சு: நடுவுல திமிங்கலம் எதை வச்சு தின்னுச்சு?

2025 ஆகஸ்ட்ல ஒரு பாசில் நியூஸ், அதாவது கல்லாகிப் போன திமிங்கல எலும்பு பத்தின நியூஸ், எல்லா பக்கமும் ஓடுச்சு. ஆஸ்திரேலியாவோட விக்டோரியா கடற்கரையில, ஜான் ஜக்னு ஒரு ஊர்ல 2019-ல கிடைச்சது, பேரு ஜான்ஜுசீட்டஸ் டல்லார்டி, சுமார் 2.5 கோடி வருஷம் பழசு, ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல நீளம், அதுவும் முழுசா வளராத குட்டி, டென்னிஸ் பந்து சைஸுக்கு கண்ணு, வாய் நிறைய கூரான பல்லு. இது பலீன் திமிங்கல வகை, அதாவது நீலத் திமிங்கலத்தோட சொந்தக்காரன்னு போட்டிருந்தாங்க. படிச்சவங்க முழிச்சதுல தப்பே இல்ல. நீலத் திமிங்கலத்துக்கு ஒரு பல்லு கூட கிடையாதே, வாய்க்குள்ள சல்லடை மாதிரி ஒண்ணுதானே தொங்கும், அப்ப இந்த சுறாப் பல்லுக்காரன் எந்த வழியில சொந்தம்?

இது நேத்து வந்த கேள்வி இல்ல, 150 வருஷமா ஓடிட்டு இருக்கு. அடிப்படையில இருந்து போனாதான் சண்டை எங்கன்னு புரியும்.

## முதல்ல, எது எந்தத் திமிங்கலம்

இன்னைக்கு உயிரோட இருக்குற திமிங்கலம் எல்லாமே ரெண்டு கூட்டம்தான்.

1. பல் திமிங்கலம். டால்பின், ஓர்க்கா, ஸ்பெர்ம் திமிங்கலம் எல்லாம் இதுல. நம்ம ஊர் நியூஸ்ல மாசத்துக்கு ஒண்ணு வருமே, அம்பர்கிரிஸ் கடத்தல், திமிங்கல வாந்தி பல கோடின்னு, அது ஸ்பெர்ம் திமிங்கலத்தோட குடல்ல உண்டாகுறது. 2016 ஜனவரியில தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு பக்கம் கூட்டமா கரை ஒதுங்குச்சே, அந்த பைலட் திமிங்கலமும் பல் கூட்டம்தான்.

2. பலீன் திமிங்கலம். நீலத் திமிங்கலம், துடுப்புத் திமிங்கலம், கூன்முதுகுத் திமிங்கலம், போஹெட், ரைட் திமிங்கலம், சாம்பல் திமிங்கலம் எல்லாம். இந்தக் கட்டுரை முழுக்க இந்தக் கூட்டம் பத்திதான்.

ரெண்டும் பிரிஞ்சு 3.6 கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு. பிரியும்போது ரெண்டு பக்கமும் பல்லு இருந்துச்சு, இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டா பாதிக் குழப்பம் தீந்துரும். "பலீன் திமிங்கலக் கூட்டம்"னு சொல்றது ஒரு குடும்பப் பேரு, அந்தக் குடும்பத்துல பழைய ஆளுங்க வாயில பலீன் இருந்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல. இன்னொண்ணு, ஜான்ஜுசீட்டஸ் வாழ்ந்த காலத்துலயே உலகத்தோட வேற மூலையில பல்லே இல்லாத பலீன்காரங்க சுத்திட்டு இருந்தாங்க. அதனால இவன் நீலத் திமிங்கலத்துக்கு தாத்தா முறை வராது, தனியாப் பிரிஞ்சு போய் வாரிசு இல்லாம முடிஞ்ச ஒரு பங்காளி வீடு.

## பலீன்னா என்ன

மேல்தாடை ஈறுல இருந்து வரிசையா கீழ தொங்குற தட்டுங்க. பொருள் கெரட்டின், நம்ம நகம், முடி எல்லாம் எதுல ஆனதோ அதேதான், எலும்பும் இல்ல பல்லும் இல்ல. நீலத் திமிங்கலத்துக்கு ஒரு பக்கத்துக்கு முந்நூறு சொச்சம் தட்டு இருக்கும், ஒவ்வொண்ணும் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். போஹெட்டுக்கு ஒரு தட்டே நாலு மீட்டர் வரைக்கும் போகும். நகம் மாதிரியே ஈறுப் பக்கம் வளந்துக்கிட்டே இருக்கும், நாக்கும் தண்ணியும் உரசி உள்பக்க ஓரம் தேஞ்சு நாரு நாரா பிரியும். பனைமரத்துல மட்டையோட அடியில இருக்குற பன்னாடைய பாத்திருப்பீங்க, கள்ளு வடிகட்டுறதுக்கு எடுப்பாங்களே, அந்த மாதிரி பக்கத்துப் பக்கத்துத் தட்டோட நாரு ஒண்ணோட ஒண்ணு பின்னி ஒரு பாய் மாதிரி ஆயிரும். தண்ணி வெளிய போகும், இரை உள்ள நிக்கும்.

ஆராய்ச்சிக்காரங்களுக்கு தலைவலி என்னன்னா கெரட்டின் மக்கிப் போயிரும், பாசிலா நிக்கிறது அபூர்வம். பெரு நாட்டு பிஸ்கோ பாலைவனத்துல மாதிரி சில இடத்துலதான் பலீனே கல்லாகி கிடைச்சிருக்கு. மத்த இடத்துல எல்லாம் மண்டை ஓட்டுல இருக்குற அடையாளத்தை வச்சு இருந்துச்சா இல்லையான்னு ஊகிக்கணும். சண்டை முழுக்க அங்கதான் வருது.

## இன்னைக்கு எப்படி தின்னுது

மூணு விதம் இருக்கு.

போஹெட்டும் ரைட் திமிங்கலமும் வாயைத் தொறந்துட்டு மெதுவா நீந்திட்டே போகும், முன்னால தண்ணி உள்ள வரும், பக்கவாட்டுல பலீன் வழியா வெளிய போகும். நாம டீ வடிகட்டுறப்ப தூள் அடைச்சுக்கும், ஸ்பூனால கிளறி விடுவோம்ல, இதுக்கு ஏன் அடைக்கலன்னு ரொம்ப நாளா கேள்வி. தண்ணி பலீன்ல நேரா மோதாம அதை ஒட்டினாப்புல ஓடுது, தண்ணி மட்டும் பக்கத்துல கசிஞ்சு போக இரை தொண்டைப் பக்கம் திரண்டு போய் சேருதுன்னு மாடல் வச்சுப் பாத்து சொல்லிருக்காங்க.

சாம்பல் திமிங்கலம் கடல் அடியில ஒருக்களிச்சுப் படுத்து சேத்தோட உறிஞ்சி, அதுல இருக்குற பூச்சி மாதிரியான சின்ன உயிரை வடிகட்டும். இந்த "உறிஞ்சி"ய ஞாபகம் வச்சுக்கங்க, பின்னால வரும்.

மூணாவதுதான் பாக்கவே பயங்கரம், பாய்ச்சல். நீலம், துடுப்பு, கூன்முதுகு எல்லாம் இப்படித்தான். வேகமா வந்து வாயை ஏறக்குறைய 90 டிகிரி தொறக்கும், தொண்டையில இருக்குற மடிப்பு எல்லாம் விரிஞ்சு பாராசூட் மாதிரி ஊதும். ஒரு துடுப்புத் திமிங்கலம் ஒரு வாய்க்கு 70 கன மீட்டர் அளவு தண்ணிய ஆறே செகண்ட்ல உள்ள எடுக்கும், அதாவது 70,000 லிட்டர், ஆறு டேங்கர் லாரித் தண்ணி. அப்புறம் வாயை மூடி அத்தனையும் பலீன் வழியா தள்ளணும். இதுக்குன்னே உடம்புல தனித்தனி ஏற்பாடு இருக்கு. கீழ்தாடை ரெண்டு எலும்பும் முன்னால ஒட்டாம தனியா இருக்கும், அந்த இடத்துல ஒரு உணர்வு உறுப்பு இருக்குன்னு 2012-லதான் கண்டுபிடிச்சாங்க. வாய்ப்பக்கத்து நரம்பு ரப்பர் மாதிரி ரெண்டு மடங்கு நீளுது. நாக்குக்குப் பின்னால கொழுப்புல ஒரு மூடி இருக்கு, பாயும்போது தண்ணி மூச்சுக்குழாய்க்குள்ள போகாம அடைச்சுக்கும், இது தெரிய வந்ததே 2022-ல.

இவ்வளவு ஏற்பாடும் ஒரே நாள்ல வந்திருக்காதுன்னு யாருக்கும் தெரியும். அப்ப எது முதல்ல வந்துச்சு?

## அரைச் சல்லடையால என்ன பயன்

1871-ல செயின்ட் ஜார்ஜ் மிவார்ட்ங்கிற இங்கிலாந்து உயிரியலாளர், பரிணாமக் கொள்கை சொன்ன டார்வினை மடக்குறதுக்கு இதைத்தான் எடுத்தார். பலீன் ஓரளவு பெருசான பிறகு உபயோகம் இருக்கு சரி, ஆனா அது அரை இன்ச் மொளைச்சு நிக்கிற காலத்துல அதால என்ன லாபம், லாபமே இல்லாதது எப்படி தலைமுறை தலைமுறையா நிக்கும்னு கேட்டார். நியாயமான கேள்விதான். டார்வின் அடுத்த வருஷம் வந்த தன்னோட புத்தகத்தின் ஆறாம் பதிப்புல திமிங்கலத்தை விட்டுட்டு வாத்துப் பக்கம் போனார். தட்டைவாயன் வாத்தோட அலகு ஓரத்துல சீப்பு மாதிரி தகடு இருக்கு, சேத்துத் தண்ணிய வடிகட்டும், வேற வாத்துகளுக்கு அதே தகடு குட்டையா மொண்ணையா இருக்கு, அதுங்க அதை வச்சு புல்லு கடிக்குது, ஆக ஒரே உறுப்பு வேற வேற அளவுல வேற வேற வேலைக்கு ஆகும்னார். தட்டைவாயன் குளிர்காலத்துல வேடந்தாங்கலுக்கும் வரும், போறவங்க அலகைக் கவனிச்சுப் பாக்கலாம்.

பதில் புத்திசாலித்தனமானதுதான், ஆனா திமிங்கலத்துக்கு நேரடிச் சாட்சி அப்ப கையில இல்ல. அது வர நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

## கரையில இருந்து கடலுக்கு, சுருக்கமா

5 கோடி வருஷத்துக்கு முன்னால இந்தியாவும் பாகிஸ்தானும் இருக்குற பகுதியில நாலு கால் பிராணியாத்தான் திமிங்கலக் கதை ஆரம்பம். பாகிஸ்தான்ல பாக்கிசீட்டஸ், கட்ச் பக்கம் ரெமிங்டனோசீட்டஸ், காஷ்மீர் காலாகோட்ல கிடைச்ச மான்குட்டி மாதிரியான இண்டோஹையஸ் இதுக்கெல்லாம் ஒண்ணுவிட்ட சொந்தம். 4 கோடி வருஷத்துக்கு முன்னால முழுக்கக் கடல்லயே இருக்குற பாசிலோசாரஸ் மாதிரி ஆளுங்க வந்தாச்சு, பல்லு ரம்பம் மாதிரி, இரையைக் கடிச்சு அறுத்து தின்னுச்சுங்க. அதுல இருந்துதான் ரெண்டு கூட்டமும் பிரிஞ்சது.

## மூணு கட்சி

கடிச்சு அறுக்குற வாய் எப்படி வடிகட்டுற வாயா மாறுச்சுன்னு மூணு விளக்கம் இருக்கு, மூணுக்கும் பின்னால ஆளுக்கொரு மண்டை ஓடு இருக்கு.

1. பல்லாலயே வடிகட்டுச்சு. அமெரிக்காவுல தெற்கு கரோலினாவோட வாண்டோ ஆத்துல கிடைச்ச கொரோனோடான், சுமார் 3 கோடி வருஷம் பழசு, 2017-ல பேரு வச்சாங்க. இதோட கடைவாய்ப் பல்லு பெருசு, ஓரம் எல்லாம் பல் வச்ச மாதிரி, ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஏறினாப்புல அடுக்கி இருக்கும். முன்பல்லால மீனைப் பிடிச்சிருக்கும், கடைவாய்ப் பல்லுங்க நடுவுல இருக்குற சந்து வழியா தண்ணிய வடிச்சிருக்கும்னு கண்டுபிடிச்ச குழு சொல்லுது, 2023-ல இன்னும் சில எலும்புக்கூட்டைச் சேத்து அதே கருத்தைத் திரும்பவும் வச்சாங்க. இதுக்கு ஒரு உயிருள்ள உதாரணமும் இருக்கு, அண்டார்டிகாவுல நண்டுண்ணி சீல்னு ஒண்ணு, பேருதான் நண்டு, தின்னுறது கிரில்ங்கிற இறால் மாதிரி பொடி உயிர், பல்லோட சிக்கலான கொம்பு வழியா தண்ணிய வடிச்சிரும்.

ஆனா அதே 2017-ல ஒரு ஆஸ்திரேலியக் குழு பல்லு கூர்மைய ஸ்கேன் பண்ணி அளந்து பாத்துச்சு. வடிகட்டித் தின்னுற சீலோட பல்லு மொண்ணை, பழைய பல்லுள்ள பலீன்காரங்க பல்லு சிங்கத்தோட பல்லு மாதிரி கூர். வடிகட்டிக்கு யாராவது சாணை பிடிச்சு வைப்பாங்களா? அண்டார்டிகாவோட சீமோர் தீவுல கிடைச்ச லானோசீட்டஸ் இன்னும் பெரிய இடி. 3.4 கோடி வருஷம் பழசு, எட்டு மீட்டர் நீளம், பல்லுக்கு நடுவுல அகலமா இடைவெளி, அதுல வடிகட்டவே முடியாது. மேல்பல்லும் கீழ்பல்லும் கத்திரி மாதிரி உரசித் தேஞ்ச அடையாளம் இருக்கு, அப்படின்னா கடிச்சு அறுத்துருக்கு.

2. பல்லும் பலீனும் ஒரே வாயில கொஞ்ச காலம் சேர்ந்து இருந்துச்சு. அமெரிக்கா ஓரிகன்ல கிடைச்ச ஏட்டியோசீட்டஸ் இந்தக் கட்சியோட நட்சத்திரம். வாயில பல்லு இருக்கு, ஆனா அண்ணத்துல, பல் வரிசைக்கு உள்பக்கமா சின்னச் சின்னத் துளையும் வாய்க்கால் மாதிரி பள்ளமும் இருக்கு. இன்னைக்கு இருக்குற பலீன் திமிங்கலத்துல இதே துளை வழியாத்தான் பலீனுக்கு ரத்தமும் நரம்பும் போகுது. அதனால இதுக்கும் ஏதோ குட்டிப் பலீன் இருந்திருக்கணும்னு 2008-ல வாதம் வச்சாங்க. மிவார்ட் கேள்விக்கு இது நல்ல பதில், அரைச் சல்லடை இருக்குறப்ப சோறு போட பல்லு இருந்துச்சு, சல்லடை நல்லா வளந்ததும் பல்லு கழண்டுக்கிச்சு.

சிக்கல் என்னன்னா அந்தத் துளை பலீனுக்கு மட்டுமே ஆன துளையான்றது. 2022-ல ஒரு குழு, பல் திமிங்கலத்துலயும் மத்த பாலூட்டிகள்லயும் கூட இந்த மாதிரி துளை இருக்கு, துளையைப் பாத்து பலீன்னு சொல்லாதீங்கன்னு எழுதுச்சு. அதே வருஷம் ஏட்டியோசீட்டஸ் கட்சிக்காரங்க மண்டை ஓட்டை சிடி ஸ்கேன் எடுத்து, பல்லுக்குப் போற குழாயில இருந்து அண்ணத்துத் துளைக்கு தனிக் கிளை பிரியுதுன்னு காட்டினாங்க. ரெண்டு பேரும் இன்னும் இறங்கி வரல.

3. நடுவுல உறிஞ்சித் தின்னுச்சு. நல்லி எலும்பை உறியுறப்ப நம்ம பல்லுக்கு வேலை இல்ல, உதடு, கன்னம், நாக்குதான் வேலை பாக்கும். தண்ணிக்குள்ள மீனையோ கணவாயையோ பிடிக்கிறதுக்கு நாக்கை படக்குன்னு பின்னால இழுத்தா போதும், தண்ணியோட இரை உள்ள வந்துரும். வாஷிங்டன் மாநிலத்துல கிடைச்ச ஒரு ஏட்டியோசீட்டஸ் சொந்தக்காரனோட பல்லு உள்பக்கத்துல கிடைமட்டமா கீறல் இருக்கு, நாக்கு முன்னும் பின்னும் போறப்ப மணலும் சேந்து கீறினதுன்னு 2016-ல சொன்னாங்க. பெருவுல கிடைச்ச மிஸ்டகோடான், 3.64 கோடி வருஷம் பழசு, இந்தக் கூட்டத்துலயே ரொம்பப் பழைய ஆளு, அதுவும் உறிஞ்சியிருக்கலாம்னு பேச்சு.

இந்தக் கட்சிக்கு துருப்புச் சீட்டு மாயாபலேனா. ஓரிகன்ல 1970-கள்ல எடுத்தது, பல வருஷம் ஸ்மித்சோனியன் மியூசியத்துல சும்மா கிடந்துச்சு, 2018-ல ஸ்கேன் பண்ணிப் பாத்தா 3.3 கோடி வருஷத்துக்கு முன்னால வாழ்ந்த இந்தத் திமிங்கலத்துக்கு பல்லும் இல்ல, பலீன் தாங்குற மாதிரி அகலமான கெட்டியான அண்ணமும் இல்ல. ரெண்டும் கெட்டான். அப்ப பல்லு போனது முதல்ல, பலீன் வந்தது பிறகு, நடுவுல பொக்கை வாயால உறிஞ்சியே லட்சக்கணக்கான வருஷம் ஓட்டிருக்குன்னு ஆகுது.

எனக்கு மூணாவதுதான் நம்புற மாதிரி இருக்கு, ஏன்னா உறிஞ்சுறவனுக்கு சல்லடையோட தொடக்கம் தானா உபயோகமாகுது. உறிஞ்சினா இரையோட தண்ணியும் வரும், அந்தத் தண்ணிய வெளிய துப்புறப்ப இரை நழுவும், ஈறு கொஞ்சம் தடிச்சு ஓரம் சொரசொரப்பா இருந்தா கூட நழுவுறது குறையும். ஒரு இன்ச் பலீனுக்கும் அன்னைக்கே கூலி கிடைக்குது. லானோசீட்டஸ் அண்ணத்துல இருந்த பள்ளமும் பெரிய ஈறுக்கு ரத்தம் கொண்டு போனதா இருக்கலாம்னு சொல்றாங்க. ஆனா ஒரே ஒரு வழிதான் நடந்துச்சுன்னு இல்ல, அந்தக் காலத்துல பல கிளை பல வித்தை பண்ணிட்டு இருந்துச்சு, கொரோனோடான் நிஜமாவே பல்லால வடிகட்டியிருந்தாலும் அது அதோட வாரிசோட நின்னு போன தனி வித்தையா இருக்கலாம்.

## வயித்துக்குள்ள இன்னும் பல்லு முளைக்குது

1807-லயே ஜெஃப்ராய் செயின்ட் ஹிலேர்ங்கிற பிரெஞ்சுக்காரர் பலீன் திமிங்கலக் கருவோட தாடையில பல் மொட்டைப் பாத்தார். இன்னைக்கும் அப்படித்தான், தாய் வயித்துல இருக்குறப்ப வரிசையா பல் மொட்டு வரும், கொஞ்சம் வளரும், பிறகு உடம்பே அதைக் கரைச்சு உறிஞ்சிக்கும், ஒண்ணு கூட ஈறைத் தாண்டி வெளிய வராது. அதுக்குப் பிறகு பலீன் கிளம்பும்.

ஜீன்லயும் தடயம் இருக்கு. பல்லு மேல இருக்குற கெட்டிப் பூச்சான எனாமலைச் செய்யிற ஜீன்கள் பலீன் திமிங்கலத்துல உடைஞ்சு கிடக்கு, ஆனா ஒவ்வொரு இனத்துலயும் வேற வேற இடத்துல உடைஞ்சிருந்துச்சு. பொது முன்னோருக்கே பல்லு இல்லன்னு பாசில் சொல்றப்ப எல்லாருக்கும் பொதுவான ஒரு உடைசல் இருக்கணுமே, அது எங்கன்னு தேடினாங்க. 2011-ல கிடைச்சது, எம்எம்பி20-ங்கிற எனாமல் ஜீனுக்கு நடுவுல ஒரு டிஎன்ஏ வெளித்துண்டு செருகிக்கிட்டு இருக்கு, எல்லா பலீன் திமிங்கலத்துலயும் அதே இடத்துல. எல்லாருக்கும் மூத்தவன் வாயிலேயே எனாமல் கதை முடிஞ்சாச்சு.

## ஏன் அப்ப

3.4 கோடி வருஷத்துக்கு முன்னால அண்டார்டிகா தனியா விலகிக்கிட்டு இருந்துச்சு, பனி மூட ஆரம்பிச்சது, நாளடைவுல அதைச் சுத்தி ஒரு வட்ட நீரோட்டம் உண்டாச்சு. குளிர்ந்த தண்ணி அடியில இருந்து சத்தை மேல கொண்டு வரும், டயட்டம் பாசி பெருகும், அதைத் தின்ன கிரில் மாதிரி பொடிசுங்க பெருகும். சின்ன இரை கூட்டங்கூட்டமா ஒரே இடத்துல கிடைச்சாதான் வடிகட்டுறதுக்கு அர்த்தம் இருக்கு, வெறும் தண்ணிய வடிச்சா வயிறு காயும்.

உருவம் பெருத்தது வேற கணக்கு. சல்லடை வந்த உடனே எல்லாம் பெருசாயிரல. 10 மீட்டரைத் தாண்டின ராட்சசங்க பல கிளையில தனித்தனியா கடைசி முப்பது நாப்பது லட்சம் வருஷத்துலதான் வந்தாங்க, பனியுகம் கடலோட சத்தை சில இடத்துல குவிச்சதுதான் காரணம்னு 2017-ல ஒரு கணக்கு. அதுக்கு 2023-ல எதிர்வாதம் வந்துச்சு, தெற்கு ஆஸ்திரேலியாவோட முர்ரே ஆத்தங்கரையில 1921-லயே எடுத்து வச்சிருந்த ஒரு தாடை நுனிய அளந்து பாத்து, 1.9 கோடி வருஷத்துக்கு முன்னாலேயே 9 மீட்டர் ஆளு இருந்திருக்கான், தெற்குப் பக்கம் சீக்கிரமே பெருக்க ஆரம்பிச்சிருச்சுன்னாங்க. வடக்குப் பாசிலை மட்டும் பாத்து கணக்குப் போட்டா இப்படித்தான் ஆகும்.

## இந்த வாயோட விலை

2021-ல 321 திமிங்கலத்துல கருவி ஒட்டி அளந்து பாத்ததுல, நீலத் திமிங்கலம் நல்லா இரை கிடைக்கிற நாள்ல 16 டன் வரைக்கும் கிரில் தின்னும்னு வந்துச்சு, முன்னால நினைச்சதை விட மூணு மடங்கு. இவ்வளவு தின்னுறது எருவா திரும்பக் கடல்லயே விழுது, அதுல இரும்புச் சத்து அதிகம், பாசிக்கு உரம். போன நூற்றாண்டுல வேட்டையாடி லட்சக்கணக்குல கொன்னப்ப, தின்ன ஆள் குறைஞ்சா கிரில் பெருகும்னு எதிர்பாத்தாங்க, பெருகல, உரம் நின்னு போனது ஒரு காரணமா இருக்கலாம்.

வடிகட்டி எதையும் ருசி பாத்து உள்ள விடாது. கலிபோர்னியா கடல்ல நீலத் திமிங்கலம் ஒரு நாளைக்கு ஒரு கோடி வரைக்கும் பிளாஸ்டிக் துணுக்கு முழுங்குதுன்னு 2022-ல கணக்குப் போட்டாங்க, அதுல பெரும்பங்கு தண்ணியில இருந்து நேரா வர்றது இல்ல, கிரில் வயித்துல ஏற்கெனவே இருக்குறது.

இன்னொரு விலை, இரை எங்க திரளுதோ அங்கதான் போய் நிக்கணும், வேற வழி கிடையாது. இலங்கைக்குத் தெற்க, தேவேந்திரமுனைக்கு வெளிய வருஷம் பூரா தங்குற நீலத் திமிங்கலம் இருக்கு, மத்த கடல் நீலத் திமிங்கலம் மாதிரி துருவத்துக்குப் போகாது. அதோட எருவை எடுத்து டிஎன்ஏ பாத்ததுல பெரும்பாலும் கிரில் இல்ல, செர்ஜெஸ்டிட் இறால்னு இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் குழு 2018-ல சொன்னாங்க. நாம காயப்போட்டு பொடி பண்ற சென்னாக்கூனியும் அதே குடும்பம்தான். அந்த இறால் திரள்ற இடமும், உலகத்துலயே நெரிசலான கப்பல் பாதையில ஒண்ணும் ஒரே இடத்துல போகுது, திமிங்கலம் கப்பல் முகப்புல அடிபட்டு சாகுது. 2022-ல ஒரு பெரிய கப்பல் கம்பெனி தன்னோட கப்பல்களை இன்னும் தெற்க தள்ளி ஓட்ட ஆரம்பிச்சது.